ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு குழாய்

அந்த வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இது என்ன கூத்து? ஜன்னலுக்குக் குறுக்கே யாராவது குழாய் விடுவாங்களா?" கீழ்வீட்டுச் சமையலறை ஜன்னலைச் சரிபாதியாகப் பிளந்துகொண்டு ஓர் இரும்புக் குழாய் மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறிப் போனது. வீடு முதலில் ஒரே தளமாகத்தான் இருந்தது. மாடி பிறகு வந்தது. அண்ணன் மாடி கட்டி முடித்தபோதுதான் தண்ணீர் மேலே போக வழி விடவில்லை என்பது கொத்தனாருக்கு நினைவு வந்தது. "கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கட்டும், அப்புறம் மாத்திடலாம்" என்று அண்ணன் கீழ்வீட்டுத் தங்கையிடம் சொன்னார். நம் ஊர் உலகத்தில் கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று உங்களுக்கே தெரியும்.

தங்கை, பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் குரங்கு டீச்சர். பரிணாமப் பாடம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவளுக்கு முன்னால் இருந்த டீச்சருக்குப் புழு என்று பெயர். அதற்கு இது எவ்வளவோ தேவலை என்று அவளே சிரித்துக்கொள்வாள். கல்யாணப் பேச்சுகள் வந்தன, போயின. ஒருவருக்கு அவள் படிப்பு அதிகம் என்று பட்டது, அடுத்தவருக்கு வயது அதிகம் என்று பட்டது, அதன்பிறகு யாருக்கும் எதுவும் படவில்லை. ஓய்வுபெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு என்று உலகத்தில் இருந்தது மாடியில் ஓர் அண்ணன், அண்ணனை முன்னிட்டு ஓர் அண்ணி, அவ்வளவுதான்.

அண்ணன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அப்பா அம்மா இருவரும் சீக்கிரமே போய்விட்டார்கள். படிப்பை நிறுத்திவிட்டு யாரோ ஒருவரின் கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கப் போனவர், தங்கையை மட்டும் கல்லூரி வரைக்கும் கொண்டுபோய் விட்டார். அவள் பட்டம் வாங்கியபோது கடைக்கு வந்தவர்கள் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. பவர் பார்க்க உட்கார்ந்தவர் பலகையின் கடைசி வரிக்கு வருவதற்குள் இவர் தங்கச்சியின் மார்க் வரைக்கும் சொல்லி முடித்துவிடுவார்.

அவள் உயிரியல் படித்ததற்கே அவர்தான் காரணம். அம்மா போன புதிதில் ஒரு சாயங்காலம், அழுதழுது ஓய்ந்து கிடந்த சிறுமியைத் தூக்கி மேஜை முன்னால் உட்காரவைத்தார். தன் சட்டையிலிருந்தே இரண்டு பொத்தான்களைப் பிய்த்து மேஜையில் வைத்தார். இடது கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னார். வலது கண்ணால் இடதுபக்கப் பொத்தானையே பார்க்கச் சொல்லிவிட்டு, மற்றதை மெல்ல மெல்ல வலப்பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அண்ணா, பொத்தானைக் காணோம்!"

"அங்கயேதான் இருக்கு. உன் கண்ணுல ஒரு ஓட்டை இருக்கு. எல்லார் கண்ணுலயும் இருக்கு. கடையில முதலாளி காட்டினார்."

"ஓட்டை இருந்தா எனக்கு ஏன் தெரியலை?"

"கடவுள் மூடிவெச்சிருக்கார். அம்மா போனதும் அப்படித்தான். ஓட்டை இருக்கும். நாளாக ஆக, தெரியாதபடி அவரே மூடிடுவார்."

அன்றைக்கு அழுகை நின்றது. பொத்தான் இல்லாத சட்டையோடு அண்ணன் ஒரு வாரம் கடைக்குப் போனதும் அவளுக்கு நினைவிருக்கிறது. கடவுள் மூடியதை அவள் முழுமனதாக நம்பினாள். ஓட்டை எப்படி வந்தது என்றும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். ஒன்று மற்றொன்றுக்குப் பகை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வாரந்தோறும் அண்ணன் குடும்பத்தோடு பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய், முன்வரிசைப் பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரல் கம்மும் வரை பாடிவிட்டு வருவாள். மறுநாள் வகுப்பில் மீனிலிருந்து தவளைக்கும் தவளையிலிருந்து நமக்குமாகப் போய்க்கொண்டிருப்பாள். இரண்டையும் செய்ய அவளுக்கு ஒரே நாக்கு போதுமாக இருந்தது.

அண்ணனும் தங்கையும் அதிகம் பேசிக்கொள்கிற ரகமில்லை. பேச்சுக்குப் பதில் குழாய் இருந்தது. மோட்டார் ஸ்விட்ச் அவள் சமையலறையில். தொட்டி மேலே. காலையில் அவள் மோட்டாரைப் போடுவாள். மொட்டைமாடியில் கண்ணாடியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவைத்துச் சவரம் செய்துகொண்டிருக்கும் அண்ணன், தொட்டி நிறைந்ததும் சாவியால் குழாயில் இரண்டு தட்டு தட்டுவார். அவள் மோட்டாரை நிறுத்திவிட்டு, கேட்டுவிட்டது என்பதற்குக் கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். மழை, ஜுரம், மனஸ்தாபம் எது வந்தாலும் அது தவறியதில்லை. ஒரு நாள் அவள் எழுந்திருக்க முடியாமல் காய்ச்சலில் கிடந்தபோது, மோட்டார் சத்தம் கேட்கவில்லை என்பதை வைத்தே அவர் பாதிச் சவரத்தோடு இறங்கி ஓடிவந்தார். நாளெல்லாம் வேறு யாரோடும் பேசாமல் போனாலும், காலையில் ஒருவர் தட்டி ஒருவர் கேட்டாயிற்று என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது.

அந்த வருஷம்தான் பெற்றோர் சங்கத்துக்குத் திடீரென்று பரிணாமப் பாடம் கண்ணில் பட்டது. பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து, அந்தப் பாடத்தைப் பள்ளியில் நடத்தக் கூடாது, அப்படியே நடத்தினாலும் படைப்பைப் பற்றியும் சேர்த்து நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றார்கள். தலைமையாசிரியை யாரையும் பகைத்துக்கொள்ளாத அம்மா. "கூட்டம் போட்டுடலாம். ரெண்டு பக்கமும் பேசட்டும்" என்று பந்தைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார். பாடத்தின் பக்கம் பேச பிசிக்ஸ் சார் மார்தட்டிக்கொண்டு முன்வந்தார். கடவுள் என்ற சொல்லைக் கேட்டாலே காது மடல் சிவக்கிறவர் அவர். எதிர்ப்பக்கம் பேச ஆள் தேடியபோது, பெரியவர்கள் எல்லாரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள். கண்ணைப் பற்றித் தெரிந்தவர், நாலு பேர் மதிக்கிற மனிதர், கண்ணாடிக் கடைக்காரர்.

அண்ணன் மாடிப்படியில் பாதி இறங்கி நின்று தங்கையிடம் பேசினார்.

"நீ எனக்காகப் பேச வேணாம். சும்மா உக்காந்திரு, போதும்."

"சும்மா இருந்தா பாடத்தை எடுத்துடுவாங்கண்ணா."

"எடுத்தா எடுக்கட்டும். அதனால குடியா முழுகிடும்?"

"பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்றது? இத்தனை வருஷம் நடத்தினது பொய்னா?"

"எனக்கு எதிரா நீ எழுந்து நிக்காத. ஊர்ல எனக்கு இருக்கறது ஒரு தங்கச்சி." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டார்.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு அதே யோசனைதான். உட்கார்ந்திருந்தால் வகுப்பில் இனி எந்த முகத்தோடு நிற்பது? எழுந்தால் மாடிப்படியில் எந்த முகத்தோடு ஏறுவது?

கூட்டத்தன்று பள்ளி மண்டபத்தில் எள் போட்டால் விழாது. பெற்றோர், பிரார்த்தனைக் கூடத்தார், ஆசிரியர்கள், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள். பிசிக்ஸ் சார் முதலில் பேசினார். நியாயமாக ஆரம்பித்து, நம்புகிறவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்கிற இடத்துக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்தார். பாடத்துக்கு ஆதரவாக வந்த நாலு பெற்றோரும் அங்கேயே முகம் சுளித்தார்கள்.

அண்ணன் எழுந்தார். கடைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. குரல் உயரவே இல்லை.

"நான் படிச்சவன் இல்லை. ஆனா தினமும் கண்ணைப் பாக்கறவன். நாங்க செய்யற லென்ஸ்ல ஒரு தூசி பட்டாக்கூடத் திருப்பி அனுப்பிடுவாங்க. இந்தக் கண்ணைப் பாருங்க. வெளிச்சம் வந்தா சுருங்குது, போனா விரியுது, கிட்டக்கப் பாக்குது, தூரத்துல பாக்குது. ஒரு குறை சொல்ல முடியுமா? இது தானா வந்ததுன்னு நம்ம வீட்டுப் பிள்ளைங்களுக்கு யாராவது சொல்லித்தந்தா, எனக்கு வலிக்கும். அவ்வளவுதான்."

அவர் உட்கார்ந்தபோது கை தட்டாதவர்கள்கூடத் தலையாட்டினார்கள். மண்டபம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியை தயங்கித் தயங்கி, "டீச்சர், பாடத்தை நடத்தறது நீங்க. நீங்க ஏதாவது..." என்றார்.

அவள் எழுந்தாள். அந்த நிமிஷத்தில் அவள் மனதில் இருந்ததை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு அதை யாரும் நம்பவில்லை. அண்ணனைத் தோற்கடிக்கும் எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. ஒரு குறை சொல்ல முடியுமா என்று அவர் கேட்ட உடனே அவளுக்கு அந்த மேஜையும் இரண்டு பொத்தானும் ஞாபகம் வந்தன. அண்ணாவே காட்டிய வித்தை. அதைச் செய்தால் அவருக்கும் ஞாபகம் வரும், கூட்டத்துக்கு நடுவில் தன்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார், அதன்பிறகு எந்தப் பக்கம் ஜெயித்தால் என்ன என்று நினைத்தாள். சண்டையை முடித்துவைக்கத்தான் எழுந்தாள், பாவம்.

"எல்லாரும் ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. கட்டைவிரல் ரெண்டும் ஒட்டி நிக்கட்டும். இடது கண்ணை மூடிக்குங்க. வலது கண்ணால இடது கட்டைவிரலை மட்டும் பாருங்க. இப்ப வலது கையை மெதுவா வெளிய நகர்த்துங்க. மெதுவா... ஒரு சாணுக்குக் கொஞ்சம் முன்னாடியே..."

"ஐயோ, விரலைக் காணோம்!" என்று ஒரு பையன் கத்தினான். அடுத்து ஒரு அம்மா. பிறகு மண்டபமே ஆளாளுக்கு ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு விரலைத் தொலைத்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர் ஒருவர் காணாமல்போன தன் விரலைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் மட்டும் கையை மடியில் வைத்தபடி இருந்தார்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. டீச்சர்களுக்கு இது ஒரு வியாதி. பாதி விளக்கத்தில் அவர்களால் நிறுத்த முடியாது.

"கண்ணுல வெளிச்சத்தை வாங்கற திரை பின்னாடி இருக்கு. அதுலேர்ந்து போற நரம்பு பின்பக்கமாத்தானே போகணும்? நமக்கு முன்பக்கம் வந்து, மறுபடி திரையில ஓட்டை போட்டு வெளிய போகுது. ஆக்டோபஸுக்கு ஒழுங்கா பின்பக்கமாவே போகுது, அதுக்கு இந்த ஓட்டையே கிடையாது. புதுசா வரைஞ்சு கட்டினா இப்படி வராது. பழசுமேல கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிக்கிட்டே போனா இப்படித்தான் வரும்." வகுப்பில் இந்த இடத்தில் வழக்கமாகச் சொல்கிற உதாரணம் நாக்கு நுனியில் வந்து நின்றது. யோசிக்கும் முன் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டையே பாருங்களேன். மாடி அப்புறமாக் கட்டினது. அதனால தண்ணிக் குழாய் ஜன்னலுக்குக் குறுக்கே போகுது. யோசிச்சுக் கட்டினவங்க யாராவது ஜன்னலுக்குக் குறுக்கே குழாய் விடுவாங்களா?"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அந்தக் குழாயைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். சிரித்த முகங்கள் அத்தனையும் கண்ணாடிக் கடைக்காரர் பக்கம் திரும்பின. அவருடைய கடையில் கண்ணாடி வாங்கியவர்கள், அவர் போட்ட கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் பதறிப்போய், "நானும் கடவுளை நம்பறவதான். நான் பாடத்தை மட்டும்தான் சொல்றேன்" என்றாள். சிரிப்புச் சத்தத்தில் அது யாருக்குக் கேட்டதோ தெரியாது. பிசிக்ஸ் சாருக்குக் கேட்டுவிட்டது.

பாடம் தப்பியது. யாரும் கைதூக்கச் சொல்லக்கூட அவசியம் வரவில்லை. மறுநாள் ஆசிரியர் அறையில் பிசிக்ஸ் சார் அவள் மேஜைக்கு வந்தார். "எல்லாம் பிரமாதம் டீச்சர். கடைசில அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க."

"உண்மைதானே சார் சொன்னேன்."

"அதான் பிரச்சினையே" என்று சொல்லிவிட்டு, டீக்கோப்பையை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனார். அவர்கள் பேச்சு அவள் போகும்போது நின்று, அவள் கடந்ததும் தொடர்ந்தது. வாரக் கடைசியில் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போனாள். முன்வரிசைப் பெஞ்சில் அண்ணிக்குப் பக்கத்தில் அவள் இடத்தில் அண்ணியின் கைப்பை உட்கார்ந்திருந்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள், பையை எடுக்கவில்லை. அவள் பின்னால் போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றே பாடினாள். தன் குரல் தனக்கே கேட்கக் கூடாதென்று மெதுவாகத்தான் பாடினாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு வந்தவை. முதலில் வந்தது கூட்டத்துக்கு மறுநாள் காலை. மோட்டாரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். தட்டுச் சத்தம் வரவில்லை. ஒருவேளை அண்ணா தூங்குகிறாரோ என்று நினைத்தாள். தொட்டி வழிந்து, தண்ணீர் ஜன்னலுக்கு வெளியே சரம்சரமாக இறங்கியது. மேலே அண்ணா சவரக் கத்தியைத் தகரக் கிண்ணத்தில் தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மோட்டாரை நிறுத்தினாள். பதில் சொல்ல எடுத்த கரண்டியை அதன் இடத்தில் மாட்டினாள்.

சில நாள் பொறுத்துவிட்டு மாடி ஏறினாள். அண்ணன் ஜன்னலோரம் ஒரு பிரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி உள்ளே போய்விட்டாள்.

"குழாயைப் பத்திச் சொன்னது தப்புதாண்ணா. வாய் தவறிடுச்சு."

"குழாய் கிடக்கட்டும். பொத்தானை உனக்கு யார் காட்டினது?"

"நீதான்."

"எதுக்குக் காட்டினேன்?"

அண்ணன் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அம்மா போயிட்டாங்கன்னு அழுதுக்கிட்டிருந்த. ஓட்டை இருக்கும், கடவுள் மூடுவார்னு சொல்றதுக்காகக் காட்டினேன். எனக்கும் அதான் ஆறுதல், தெரியுமா? அம்மா எனக்கும்தான் போனாங்க. நீ ஓட்டையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்ட. அதையும் எல்லாருக்கும் காட்டிச் சிரிக்கவெச்சுட்ட."

"ரெண்டையும்தாண்ணா எடுத்துக்கிட்டுப் போனேன். நீ சிரிப்பேன்னு நினைச்சுத்தான்..."

அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டார். திருகாணி மெல்லக் கிறீச்சிட்டுத் திரும்பியது. அவள் இறங்கி வந்தாள்.

அதன்பிறகு காலை வேளைகளில் தெருவில் போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்தார்கள். மோட்டாரைப் போட்டுவிட்டு, வாசலுக்கு எதிர்ச்சாரியில் நின்று, கழுத்து வலிக்க மேலே அண்ணாந்து, தொட்டி வழிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் குரங்கு டீச்சர். வழிந்ததும் உள்ளே ஓடுவாள். "என்ன டீச்சர், வானத்துல யாரைத் தேடறீங்க?" என்று கேலி செய்தவர்களுக்கும் சிரித்தபடி பதில் சொன்னாள். அண்ணன் மேலிருந்து குனிந்தால் அவளுடைய அண்ணாந்த முகம் நேராகத் தெரியும். அவர் குனிந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் பார்த்துக்கொண்டிருந்தது தொட்டியைக் கொஞ்சமும் அவரை மிச்சமும்.

விடுமுறை நாள் ஒன்றில் பிளம்பர் வந்தார். வீட்டுக்குப் பழக்கமான ஆள்.

"மாடிக்குத் தனி மோட்டாராம்மா. குழாய் பின்பக்கச் சுவர் வழியாப் போயிடும். உங்களுக்குக் கீழயே ஒரு சின்னத் தொட்டி வெச்சுத் தரச் சொன்னார். செலவெல்லாம் அவரே. உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னார்."

"அவர் எங்க?"

"கடைக்குப் போயிட்டார். மெயினை ஆஃப் பண்ணிக்கறேன், ஏதாவது அரைக்கறதுன்னா அப்புறமா அரைச்சுக்குங்க."

அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. எந்த உரிமையில் சொல்வது? இரும்பு அறுக்கும் ரம்பம் இரைந்தது. ஜன்னலுக்குக் குறுக்கே இருந்த துண்டு, துருவும் பழைய வண்ணப்பூச்சுமாக, பிளம்பரின் தோளில் ஏறி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் ஓரிடத்தில் வண்ணம் முழுக்க உதிர்ந்து வெள்ளையாக மின்னியது. கரண்டி பட்ட இடம்.

"இப்பப் பாருங்கம்மா, ஜன்னல் எவ்வளவு அழகா இருக்கு! மொதல்லயே இப்படிச் செஞ்சிருக்கணும்" என்றார் பிளம்பர். அவள் ஆமாம் என்றாள். மிச்சத்தைக் கழற்ற அவர் மொட்டைமாடிக்கு ஏறினார்.

அவள் விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். கண்ணின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லிய கேள்வி. பிள்ளைகள் எல்லாரும், படிக்காத பிள்ளைகள்கூட, குருட்டுப்புள்ளியை மட்டும் சரியாகக் குறித்திருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே போனாள்.

மேலே இரும்பில் இரண்டு தட்டு கேட்டது.

பேனா எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. சமையலறைக்கு ஓடினாள். ஸ்விட்சை நிறுத்தினாள். அது முன்பே நிறுத்தித்தான் இருந்தது என்பது விரலுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. மாட்டியிருந்த கரண்டியை எடுத்து, கேட்டுவிட்டது அண்ணா என்று சொல்ல ஜன்னலுக்கு வெளியே கையை வீசினாள். கரண்டி எதிலும் படவில்லை.

மொட்டைமாடியிலிருந்து பிளம்பர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கூப்பிட்டீங்களா?"

"இல்லப்பா" என்றாள். "நீ உன் வேலையைப் பாரு."